திருச்சியும் திருவரங்கமும்: குடும்பத்தோடு மூன்று நாள்

திருச்சிக்குக் குடும்பத்தோடு வருகிறவர்களில் பலர் ஊர் பார்ப்பதற்கென்றே வருவதில்லை. கல்யாணம், காதுகுத்து, குலதெய்வத்துக்கு முடியிறக்குவது என்று ஏதாவது ஒரு காரியம் முன்னால் நிற்கும். அதற்கு முன்னும் பின்னும் கிடைக்கிற இரண்டு மூன்று நாட்களில்தான் ஊர் சுற்றல். சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய் ஆகிய ஊர்களிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானங்கள் உள்ளன. விமான நிலையத்தின் புதிய முனையமும் 2024 ஜூனில் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தா பாட்டியின் ஊர் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் திருச்சியில்தான். அந்தச் சில நாட்களை எப்படி வகுத்துக்கொள்வது என்ற கேள்வியைச் சிறியதாக நான் நினைக்கவில்லை. ஒரு தலைமுறைக்கு இந்த ஊர் பிடித்துப்போவதும் அலுத்துப்போவதும் அந்த நாட்களைப் பொறுத்ததுதான்.

வழக்கமாகப் போடப்படும் திட்டம் எல்லோருக்கும் தெரிந்ததே. விடியற்காலை சமயபுரம், அங்கிருந்து திருவானைக்காவல், பிறகு திருவரங்கம், பதினோரு மணிக்கு மலைக்கோட்டை, சாப்பிட்டதும் தஞ்சாவூர், இருட்டுவதற்குள் கல்லணை. தூரத்தை மட்டும் கூட்டிப் பார்த்தால் எல்லாம் ஒரே நாளில் அடங்கும். வேன் புறப்பட்ட பிறகுதான் நிலைமை புரியும். திருவரங்கத்தில் காலைப் பூஜைக்காகச் சேவை நிறுத்தியிருப்பார்கள். மலைக்கோட்டை அடிவாரத்துக்கு வருவதற்குள் தாயுமானவர் நடை சாத்தும் நேரம் நெருங்கியிருக்கும். பாட்டிக்கு முழங்கால் வலி, பிள்ளைகளுக்குப் பசி. மாலையில் எல்லா இடத்துக்கும் போய்வந்த களைப்பு இருக்கும்; எதையும் பார்த்த நிறைவு இருக்காது.

இந்தத் தவறு ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது. நாளை இடங்களின் எண்ணிக்கையால் அளக்கிறோம். நடை திறந்திருக்கும் நேரம், வெயில், குடும்பத்தில் மெதுவாக நடப்பவரின் கால் ஆகிய மூன்றையும் வைத்துத்தான் நாளை அளக்க வேண்டும். இந்தக் கட்டுரை அந்த மூன்றையும் வைத்துத் திருச்சியைப் பார்க்கிறது.

கப்பல் பயணிகள் கண்டுகொண்டது

மத்தியதரைக் கடலில் உல்லாசக் கப்பலில் போகும் குடும்பங்களுக்கும் இதே சிக்கல் உண்டு. ரோம் பார்க்க வேண்டியவர்களைக் கப்பல் சிவிதாவெக்கியா துறைமுகத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து ரோம் சுமார் 80 கிலோமீட்டர். லிவோர்னோவில் இறங்கினால் பிளாரன்ஸ் அல்லது பைசா, நேப்பிள்ஸில் இறங்கினால் பொம்பெய். காலையில் இறங்கி மாலைக்குள் திரும்பியாக வேண்டும். தாமதமானவர்களுக்காகக் கப்பல் நிற்காது. விட்டுவிட்டால் சொந்தச் செலவில் அடுத்த துறைமுகத்துக்குப் போய்த்தான் பிடிக்க வேண்டும்.

அந்தக் கட்டாயமே அவர்களுக்குச் சில பாடங்களைக் கற்றுக்கொடுத்திருக்கிறது. ஒரு துறைமுக நாளுக்கு ஒரு பெரிய இடம் போதும். கொலோசியத்துக்கு நேரம் குறித்த சீட்டை முன்பே வாங்கிவிட வேண்டும். ரோமை நிதானமாகப் பார்க்க விரும்புகிறவர்கள் கப்பல் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்து ஊருக்குள் தங்கிவிட வேண்டும். இவை நமக்கும் பொருந்தும். கல்யாணத்துக்கு முதல் நாளும், விமானம் ஏறும் நாளும் ஊர் சுற்றுவதற்கு உரியவை அல்ல. காரியம் முடிந்து ஒரு நாள் ஓய்வு விட்டு, அதற்கு அடுத்த நாட்களைத் தனியாக ஒதுக்குகிற குடும்பம்தான் ஊரைப் பார்க்கிறது.

தீவு, நகரம், வெளியூர்

திருச்சியை மூன்று துண்டாகப் பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள தீவு முதல் துண்டு. திருவரங்கம், திருவானைக்காவல், அம்மா மண்டபம், மேலூர் எல்லாம் இதில் அடங்கும். காவிரிக்குத் தெற்கே மலைக்கோட்டை, தெப்பக்குளம், உறையூர், கன்டோன்மென்ட், ஜங்ஷன், பொன்மலை எனப் பரந்திருக்கும் நகரம் இரண்டாவது. கல்லணை, திருவெள்ளறை, தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம் எல்லாம் மூன்றாவது.

இவற்றை ஒரே நாளில் கலக்கக் கூடாது. காவிரிப் பாலத்தைக் காலையிலும் மாலையிலும் மாறி மாறிக் கடக்கிற திட்டத்தில் ஒவ்வொரு முறையும் நெரிசலில் நேரம் கரையும். தீவுக்கு ஒரு நாள், நகரத்துக்கு ஒரு நாள், வெளியூருக்கு ஒரு நாள். இரண்டே நாள்தான் இருக்கிறது என்றால் வெளியூரை விட்டுவிடலாம். தீவை விடக் கூடாது.

மதியம் என்னும் சுவர்

தமிழ்நாட்டுக் கோயில்களில் உச்சிக்காலப் பூஜை முடிந்ததும் நடை சாத்துவது வழக்கம். நான்கு மணியை ஒட்டித்தான் மறுபடி திறக்கும். திருவரங்கம் சற்று வேறு. அங்கே நடுப்பகலிலும் சேவை உண்டு. ஆனால் காலை, நண்பகல், மாலை பூஜைகளுக்காக இடையிடையே நிறுத்துவார்கள். உற்சவ நாட்களில் இந்த நேரங்கள் முற்றிலும் மாறிவிடும். ஆகவே போகிற வாரத்தின் நேரத்தைக் கோயில் அலுவலகத்திலோ அதன் இணையதளத்திலோ முதல் நாளே கேட்டுக்கொள்வது நல்லது. போன வருடம் போய்வந்த சித்தப்பா சொன்ன நேரம் இந்த வருடம் உதவாமல் போகலாம்.

இந்த இடைவெளியைத் தடங்கலாக நினைத்து அதற்குள் இன்னொரு ஊரைத் திணிப்பதுதான் பல திட்டங்களைக் கெடுக்கிறது. சித்திரை, வைகாசி வெயிலில் திருச்சியின் கருங்கல் தளத்தில் வெறுங்காலோடு நிற்க முடியாது. தேங்காய்நார் விரிப்பு போட்டிருந்தாலும், வெள்ளைச் சாயம் அடித்திருந்தாலும் பிள்ளைகள் ஓடித்தான் கடப்பார்கள். மதியம் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் உரியது. அறைக்குத் திரும்ப முடியாவிட்டால் கூரைக்குக் கீழே பார்க்கக்கூடிய இடத்தை அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். மலைக்கோட்டை அருகே ராணி மங்கம்மாள் மகாலில் உள்ள அரசு அருங்காட்சியகம் அதற்குத் தோதானது. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறக்கக் கூடாது. புதுக்கோட்டை சாலையில் உள்ள அண்ணா அறிவியல் மையக் கோளரங்கமும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

தீவில் ஒரு நாள்

திருவரங்கம் பெரிய கோயில் 156 ஏக்கர். ஏழு பிரகாரம், 21 கோபுரம். வெளிப் பிரகாரங்கள் மூன்றும் வீடும் கடையும் நிறைந்த வீதிகள். தெற்கு ராஜகோபுரம் பல நூற்றாண்டு காலம் முடிவுபெறாமல் நின்று, அகோபில மடத்தின் 44-ஆம் பட்டம் அழகியசிங்கரின் முயற்சியால் 1987-இல் 236 அடி உயரத்தில் 13 நிலைகளோடு நிறைவடைந்தது. தெற்கு வாசலிலிருந்து பெருமாள் சந்நிதிக்கு ஏறக்குறைய அரை கிலோமீட்டர் நடக்க வேண்டும், வரிசை தனி. நடக்க முடியாதவர்களை ஆட்டோவில் உத்தர வீதி வரை, ரங்கா ரங்கா கோபுரத்தடியில் இறக்கிவிட்டால் பாதித் தொல்லை குறையும். உள்ளே சக்கர நாற்காலியும் பேட்டரி காரும் உண்டு. கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

பெரியவர்களின் விருப்பம் விடியற்காலை விஸ்வரூப சேவையாக இருந்தால் முதல் நாள் இரவே தீவில் தங்கிவிடுவது நல்லது. கொள்ளிடக்கரைப் பக்கம் பஞ்சக்கரை சாலையில் அறநிலையத் துறையின் யாத்ரி நிவாஸ் இருக்கிறது. வீதிகளிலும் விடுதிகள் உண்டு. கன்டோன்மென்ட் விடுதியிலிருந்து நான்கு மணிக்கு எல்லோரையும் எழுப்பிக் கிளப்புவதற்கும், சித்திரை வீதியிலிருந்து நடந்தே போவதற்கும் உள்ள வித்தியாசம் அன்று முழுவதும் தெரியும்.

சேவை முடிந்ததும் உடனே வெளியே வரவேண்டியதில்லை. தாயார் சந்நிதி, ராமானுஜர் சந்நிதி, சக்கரத்தாழ்வார், தன்வந்திரி என்று பெரியவர்கள் போகும்போது, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒருவர் கிழக்கே சேஷராயர் மண்டபத்துக்குப் போகலாம். அங்கே முன்வரிசைத் தூண் ஒவ்வொன்றிலும் ஒரு குதிரை முன்னங்கால்களைத் தூக்கிப் பாய்ந்து நிற்கிறது. மேலே வீரன்; குதிரையின் காலடியில் சீறும் புலியும் அதை ஈட்டியால் குத்தும் ஆட்களும். தூணும் குதிரையும் வீரனும் ஒரே கல். குதிரையின் கடிவாளத்தையும், வீரன் கால் வைத்திருக்கும் அங்கவடியையும் பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள். கால்மணி நேரம் அங்கிருந்து நகர மாட்டார்கள். எதிரே ஆயிரங்கால் மண்டபம். வெளியே வருவதற்குள் எத்தனை கோபுரம் பார்த்தோம் என்று எண்ணச் சொன்னால் இன்னும் நல்லது. ஆண்டாள், லட்சுமி என்ற கோயில் யானைகள் கண்ணில் பட்டால் அன்றைய நாள் அவர்களுக்கு முழுமையாகிவிடும். கோபுரங்களை ஒருசேரப் பார்க்க மாடிக்கு ஏறிப் போகவும் வழி உண்டு. வெயிலேறும் முன்பு போக வேண்டும்.

அங்கிருந்து திருவானைக்காவல் சுமார் இரண்டு கிலோமீட்டர். பலரும் அதைத் திருவரங்கத்துக்கு முன்பே காலையில் முடித்துவிடுகிறார்கள். பஞ்சபூதத் தலங்களில் நீருக்குரிய இந்தக் கோயிலின் சிறப்பு உச்சிக்காலத்தில்தான் இருக்கிறது. அர்ச்சகர் புடவை உடுத்தி, கிரீடம் தரித்து, அகிலாண்டேஸ்வரியாகவே ஜம்புகேஸ்வரரைப் பூஜிக்க அம்மன் சந்நிதியிலிருந்து வாத்திய முழக்கத்தோடு சுவாமி சந்நிதிக்கு வருவார். கோபூஜையும் நடக்கும். அம்மையே அப்பனைப் பூஜித்த தலம் என்ற கதையைப் பிள்ளைகளுக்கு வாயால் சொல்வதைவிட இதைக் காட்டுவது மேல். ஆகவே பெரிய கோயிலைக் காலையில் பார்த்துவிட்டு, பதினொன்றரைக்குள் இங்கே வந்துசேரும்படி நாளை அமைத்துக்கொண்டால் நடை சாத்தும் நேரமே நமக்குச் சாதகமாகிவிடுகிறது. ஒன்பது துளையுள்ள சாளரத்தின் வழியே சுவாமியைப் பார்ப்பதும், தரைமட்டத்துக்குக் கீழே இறங்கும் கருவறையில் நீர் ஊறுவதும் பிள்ளைகள் மறக்காதவை.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. திருவானைக்காவல் பார்த்தசாரதி விலாஸ் 1943 முதல் நடக்கிறது. அதன் நெய் ரோஸ்ட்டுக்காகவே வருகிறவர்கள் உண்டு. பெரிய கோயிலில் நாள் முழுவதும் அன்னதானம் 2012 முதல் நடைபெறுகிறது. பிள்ளைகள் பந்தியில் உட்கார்ந்து இலையில் சாப்பிடுவது ஊரைத் தெரிந்துகொள்வதில் ஒரு பகுதி. மாலையில் வெயில் தாழ்ந்ததும் அம்மா மண்டபம் படித்துறை. ஆற்றில் இறங்குவதற்கு முன் நீரோட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளைப் படிக்கட்டைத் தாண்டி விடக் கூடாது.

நகரத்தில் ஒரு நாள்

மலைக்கோட்டையில் நானூறுக்கு மேல் படிகள். எல்லோரும் ஏறியாக வேண்டும் என்பதில்லை. அடிவாரத்தில் மாணிக்க விநாயகர், நடுவே தாயுமானவர், உச்சியில் உச்சிப் பிள்ளையார் என்று மலையே மூன்றாகப் பிரிந்திருக்கிறது. அடிவாரத்தோடு நிறுத்துகிறவர், தாயுமானவர் வரை வருகிறவர், உச்சிக்குப் போகிறவர் என்று குடும்பமும் அப்படியே பிரிந்துகொள்ளலாம். சுகப்பிரசவம் வேண்டி வாழைத்தார் நேர்ந்துகொள்ளும் சந்நிதி தாயுமானவருடையது. மகளோ மருமகளோ கர்ப்பமாக இருக்கும் குடும்பத்தில் பாட்டி அதுவரை எப்படியும் வந்துவிடுவார். தாயுமானவர் வரையில் படிகள் பெரும்பாலும் பாறைக்குள்ளும் கூரைக்கடியிலும் போகின்றன. அதற்கு மேலேதான் திறந்த பாறை. காலை எட்டு மணிக்குள் ஏறி இறங்கிவிடுவது உத்தமம்.

உச்சிக்குப் போகும் அவசரத்தில் பலர் தாண்டிப் போவது மேல் குகைக் கோயிலை. மகேந்திரவர்மப் பல்லவன் 7-ஆம் நூற்றாண்டில் குடைவித்த அந்தக் குகையில், கங்கையைச் சடையில் ஏற்கும் சிவனின் சிற்பம் பாறைச் சுவர் முழுக்க விரிந்திருக்கிறது. சிவன் சடையின் ஒரு புரியைக் கையால் தூக்கிப் பிடித்திருக்கிறார். மேலே கங்கை சிறிய உருவாகக் கைகூப்பி இறங்குகிறாள். மலையிலிருந்து கீழே ஓடும் காவிரியைக் காட்டிவிட்டு இந்தச் சிற்பத்தைக் காட்டினால் பிள்ளைகளுக்கு இரண்டும் சேர்ந்து மனதில் நிற்கும்.

இறங்கினால் தெப்பக்குளம், சின்னக்கடை வீதி, மெயின் கார்டு கேட். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த லூர்து அன்னை ஆலயம், சந்தா சாகிபும் முகமது அலி வாலாஜாவும் அடக்கமாகியுள்ள நத்தர்வலி தர்கா எல்லாம் பக்கத்தில்தான். ஒரே காலைப்பொழுதில் மூன்று சமயங்களின் திருச்சியைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிடலாம். மாலையில் ரயில்வே பாரம்பரிய மையத்துக்கு அழைத்துப் போனால் ரயில் பிடித்த பிள்ளைகள் மகிழ்வார்கள். நீலகிரி மலை ரயிலுக்கான நீராவி இன்ஜின்கள் சிலவற்றைப் பொன்மலைப் பணிமனை கட்டிக்கொடுத்தது என்று சொல்லிவைத்தால் ஊட்டி போகும்போது அது நினைவுக்கு வரும்.

மூன்றாம் நாளுக்கு மூன்று வழி

முதல் வழி ஆறு. திருவரங்கத்திலிருந்து மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, அங்கிருந்து ஆர்தர் காட்டன் 1836-இல் தொடங்கிய மேலணையான முக்கொம்பு. மறு திசையில் கரிகாலன் பெயர் சொல்லும் கல்லணை. சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு இதுவே ஏற்றது. ஆனால் ஆற்றில் தண்ணீர் வேண்டும். மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது மரபு. மழையைப் பொறுத்து இது முன்பின்னாகும். பங்குனி, சித்திரையில் வந்தால் மணலைத்தான் பார்க்கலாம்.

இரண்டாவது தஞ்சாவூர். சுமார் 55 கிலோமீட்டர். ராஜராஜன் 1010-இல் நிறைவுசெய்த பெரிய கோயிலைக் காலையிலோ மாலையிலோ பார்க்க வேண்டும்; நடுப்பகலில் அரண்மனையும் கலைக்கூடமும். முழு நாள் வேண்டும். திருச்சியோடு சேர்த்துப் பாதி நாளில் முடிப்பது அந்தக் கோயிலுக்குச் செய்யும் அநியாயம்.

மூன்றாவது புதுக்கோட்டைப் பாதை. மயில்கள் திரியும் விராலிமலை, கொடும்பாளூர் மூவர் கோயில், சமணர் குகை ஓவியமுள்ள சித்தன்னவாசல். கொடும்பாளூரும் சித்தன்னவாசலும் தொல்லியல் துறையின் காவலில் இருப்பதால் மதியம் நடை சாத்தும் பிரச்சினை அங்கே இல்லை. கல்லூரி வயதுப் பிள்ளைகள் இதைத்தான் விரும்புவார்கள். அரை நாளே மிச்சம் என்றால் துறையூர் சாலையில் திருவெள்ளறை போதும். புண்டரீகாட்சப் பெருமாள் கோயிலும், தந்திவர்மப் பல்லவன் காலத்து, ஸ்வஸ்திக வடிவில் நான்கு பக்கமும் படி இறங்கும் கிணறும் அங்கே இருக்கின்றன.

எப்போது வருவது

தை, மாசி மாதங்கள் நடப்பதற்கு இதமானவை. ஆனால் சிங்கப்பூர்க் குடும்பங்களுக்குப் பள்ளி விடுமுறை ஜூனிலும், நவம்பர் பாதியிலிருந்து டிசம்பர் வரையிலும்தான். ஜூனில் வெயில் தணிந்திருக்காது. ஆனால் ஆற்றில் தண்ணீர் வரத் தொடங்கும். டிசம்பரிலோ ஜனவரியிலோ திருவரங்கத்தில் வைகுண்ட ஏகாதசியை ஒட்டிப் பகல் பத்தும் இராப் பத்தும் வரும். பரமபத வாசல் திறக்கும் நாளுக்கென்றே வருகிறவர்கள் வரட்டும். மற்றவர்கள் கைக்குழந்தையோடு அந்தக் கூட்டத்தில் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம். ஐப்பசியில் வந்தால் அம்மா மண்டபத்திலிருந்து யானைமேல் தங்கக்குடத்தில் காவிரி நீர் கோயிலுக்குப் போவதைப் பார்க்கலாம்.

இன்னொன்றையும் விசாரித்துக்கொள்ள வேண்டும். ஆனியில் ஜேஷ்டாபிஷேகத்துக்குப் பின் பெரிய பெருமாளுக்குத் தைலக்காப்பு சாத்துவார்கள். அதன்பின் சில வாரங்கள் திருமுக மண்டலம் மட்டுமே சேவை, திருவடி தெரியாது. வாழ்நாளில் ஒரு முறை திருவடி சேவிக்க வேண்டும் என்று கடல் கடந்து வரும் பாட்டிக்கு இது பெரிய விஷயம். ஜூன் விடுமுறைக்கு டிக்கெட் எடுக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

யாருக்காகப் போகிறோம்

திட்டம் போடுகிறவர் ஒவ்வொருவரிடமும் ஒன்றே ஒன்று கேட்கலாம்: இந்தப் பயணத்தில் நீங்கள் விட்டுக்கொடுக்க முடியாத இடம் எது? பாட்டிக்கு விஸ்வரூபம், அப்பாவுக்குத் தான் படித்த பள்ளிக்கூடத்து வாசல், பிள்ளைக்கு யானை, மருமகளுக்குச் சின்னக்கடை வீதியில் வெள்ளிச் சாமான். அந்த நான்கையும் முதலில் நாட்களில் பொருத்திவிட்டு, மிச்ச இடத்தில் மற்றவற்றை வைக்க வேண்டும். வெளிநாட்டு மருமகனோ மருமகளோ வந்தால், இந்துக்கள் அல்லாதோரைக் கருவறைப் பக்கம் அனுமதிப்பதில்லை என்பதை வீட்டிலேயே பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும். வாசலில் தெரிந்துகொள்ளும்போது மனம் நோகும். மண்டபங்களையும் வெளிப் பிரகாரங்களையும் அவர்களுக்கு நிதானமாகக் காட்ட ஒருவர் உடன் இருப்பது நம் கடமை.

கிளம்பும் நாளன்று பாலத்தைக் கணக்கில் வைக்க வேண்டும். திருவரங்கத்திலிருந்து விமான நிலையம் சுமார் 15 கிலோமீட்டர். ஊரைக் குறுக்கே கடந்து போக வேண்டும். பேருந்தில் போகிறவர்கள் தங்கள் வண்டி எந்த நிலையத்திலிருந்து கிளம்புகிறது என்று பார்க்க வேண்டும். 2025-இல் பஞ்சப்பூரில் ஒருங்கிணைந்த பேருந்து முனையம் திறந்த பிறகு பழைய கணக்கு மாறிவிட்டது. ரயிலில் போகிறவர்களுக்குத் திருவரங்கத்திலேயே நிலையம் உண்டு; சென்னைப் பக்கம் போகும் வண்டி அங்கே நின்றால் ஜங்ஷன் வரை அலைய வேண்டாம்.

செய்ய வேண்டியவை

குடும்பங்கள் இவ்வளவையும் தாங்களே விசாரித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருப்பது ஊருக்குக் குறைதான். அறநிலையத் துறை, சுற்றுலாத் துறை, மாநகராட்சி மூன்றும் சேர்ந்தால் ஒரே ஒரு தாள் போதும். திருவரங்கம், திருவானைக்காவல், மலைக்கோட்டை, சமயபுரம், உறையூர்க் கோயில்களின் நடை நேரம், பூஜைக்காகச் சேவை நிற்கும் நேரம், அந்த மாத உற்சவங்கள், சக்கர நாற்காலி கிடைக்கும் வாசல், கழிப்பறை இருக்கும் இடம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். மாதந்தோறும் புதுப்பித்து விமான நிலையத்திலும் ஜங்ஷனிலும் விடுதிகளிலும் வைக்கலாம். தீவுக்குள் பெரிய கோயிலையும் திருவானைக்காவலையும் அம்மா மண்டபத்தையும் சுற்றிவரும் சிறிய பேட்டரி பேருந்து ஒன்று ஓடினால் முதியவர்களுக்குப் பேருதவி.

அது வரும்வரை பொறுப்பு நம்முடையது. ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம், மதியம் ஓய்வு, மாலைக்கு ஒரு சின்ன இடம். இந்த அளவுக்கு மேல் எதையும் சேர்க்காத குடும்பங்கள்தான் ஊருக்குத் திரும்பும்போது அடுத்த முறை எப்போது என்று பேசிக்கொண்டு போகின்றன. பேரப்பிள்ளைகள் மறுபடி வர விரும்ப வேண்டும் என்பதைவிடப் பெரிய நோக்கம் இந்தப் பயணங்களுக்கு இல்லை. எதைப் பார்ப்பது, எதை விடுவது என்ற முடிவுகள் எல்லாவற்றையும் அதை வைத்தே எடுக்க வேண்டும்.